மார்கழிக்கு நாள் குறைவு, உப்புத் தீக்கு மஞ்சள் நிறம்: இரண்டையும் கட்டும் ஒரு கயிறு

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். ஆனி மாதத்துக்கு 31 அல்லது 32 நாள். மார்கழிக்கு 29 நாள், சில ஆண்டுகளில் 30. சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் காலம்தான் தமிழ் மாதம். பன்னிரண்டு ராசிகளும் ஒரே அளவு, ஒவ்வொன்றும் 30 பாகை. ஆனாலும் ஆனியில் மிதுனத்தைக் கடப்பதைவிட மார்கழியில் தனுசைக் கடப்பது இரண்டு நாளுக்கு மேல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பூமி ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. அருகில் வரும்போது வேகமாக ஓடுகிறது. சூரியனின் இந்தச் சீரற்ற நடையைக் கணக்கில் எடுத்துத்தான் நம் பஞ்சாங்கக் கணிதம் மாதங்களை அளந்தது.

இரண்டாவது காட்சி சமையலறையில். உப்புப் போட்ட தண்ணீர் கொதித்து, பொங்கி, பர்னரில் வழிகிறது. அதுவரை நீலமாக எரிந்த தீ சட்டென்று மஞ்சளாகிறது. உப்பில் உள்ள சோடியம் அணுக்கள் வெளியிடும் மஞ்சள் அது.

மார்கழி ஏன் குட்டையானது, சோடியம் ஏன் மஞ்சளாக ஒளிர்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே கருத்தில் போய் முடிகிறது: கோண உந்தம். கோள்களின் ஓட்டத்துக்கும் அணுவின் வேதியியலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஆர்வத்தோடு கேட்பவர்கள் நிறைய. இருக்கிறது. ஆனால், பெரும்பாலானவர்கள் தேடும் இடத்தில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கோண உந்தம் என்றால் என்ன என்று கையால் செய்து பார்த்துவிடலாம். பழைய பால்பாயிண்ட் பேனா ஒன்றின் ரீஃபிலைக் கழற்றி, வெறும் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு நூலைக் கோத்து, மேல்முனையில் ஓர் அழிப்பானைக் கட்டுங்கள். குழாயைப் பிடித்துக்கொண்டு அழிப்பானைத் தலைக்கு மேல் சுழற்றுங்கள். சுழன்றுகொண்டிருக்கும்போதே கீழே தொங்கும் நூலை மெல்ல இழுங்கள். வட்டம் சிறுக்கச் சிறுக்க அழிப்பான் சீறிக்கொண்டு சுற்றும். ஆரம் பாதியானால் வேகம் இரு மடங்கு. சுற்ற வேண்டிய பாதையும் பாதியாகிவிடுவதால், விநாடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணினால் நான்கு மடங்கு.

நிறை, வேகம், மையத்திலிருந்து உள்ள தூரம் மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது கோண உந்தம். வேகம் ஆரத்துக்குக் குறுக்காக இருக்கும்போது இந்த எளிய பெருக்கல் போதும். மையத்தை நோக்கி மட்டுமே இழுக்கும் விசை எதுவானாலும், அது இந்தப் பெருக்குத்தொகையைத் தொட முடியாது. நூல் மையத்தை நோக்கித்தான் இழுக்கிறது. சூரியனும் அப்படித்தான். ஜனவரியில் பூமி 14.71 கோடி கிலோமீட்டர் தூரத்தில், விநாடிக்கு 30.29 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஜூலையில் 15.21 கோடி கிலோமீட்டர், 29.29 கிலோமீட்டர். இரண்டு ஜோடிகளையும் தனித்தனியாகப் பெருக்கிப் பாருங்கள். முதலாவது 445.6, இரண்டாவது 445.5. கெப்ளர் 1609இல் "சம காலத்தில் சம பரப்பு" என்று எழுதியது இதைத்தான். உந்தம் என்ற கருத்தே அன்று உருவாகவில்லை, விதி மட்டும் சரியாக அகப்பட்டுவிட்டது.

இனி அணுவுக்கு வருவோம். 1904இல் ஜப்பானியர் நாகவோகா, சனிக் கோளையும் அதன் வளையத்தையும் மனத்தில் வைத்து ஓர் அணு மாதிரியை முன்வைத்தார். 1911இல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவில் மிகச் சிறிய, கனத்த கரு இருப்பதை நிறுவினார். 1913இல் நீல்ஸ் போர் அந்தக் கருவைச் சுற்றி எலக்ட்ரான்களை ஓடவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: எலக்ட்ரானின் கோண உந்தம் ஒரு குறிப்பிட்ட அலகின் முழு எண் மடங்காக மட்டுமே இருக்கலாம். ஓராண்டுக்கு முன்பே ஜான் நிக்கல்சன் இதே எண்ணத்தை எழுதியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அவர் பெயர் பாடநூல்களில் வருவதே இல்லை.

அந்த அலகு பிளாங்க் மாறிலியை 2பை-யால் வகுத்தால் வருவது, ஏறத்தாழ 1.05 × 10⁻³⁴ ஜூல்-விநாடி. இந்த ஜூல்-விநாடி என்பதை நிறை, தூரம், நேரம் என்று பிரித்தால் கோண உந்தத்தின் அலகு வருகிறது. குவாண்டம் உலகின் அடிப்படை எண்ணே ஒரு கோண உந்தம்தான். இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. வேதியியல் முழுவதும் அதன் நிழலில் நிற்கிறது.

பூமிக்கும் இதே அலகில் கணக்குப் போடலாம். சூரியனைச் சுற்றுவதில் பூமிக்கு உள்ள கோண உந்தம் சுமார் 2.7 × 10⁴⁰ ஜூல்-விநாடி. வகுத்தால் 2.5 × 10⁷⁴ அலகுகள். ஒரே ஓர் அலகு கூடினாலோ குறைந்தாலோ பூமியின் பாதை நகரும் தூரம், ஓர் அணுக்கருவின் அகலத்தோடு ஒப்பிட்டால்கூட ஒன்றுமே இல்லை. படிக்கட்டு இருக்கலாம், ஆனால் படிகள் அத்தனை நெருக்கம். பூமிக்கு அது வழவழப்பான சரிவு.

இங்கேதான் பலரையும் மயக்கும் ஒரு யோசனை நுழைகிறது. போரின் அணுவில் பாதைகளின் ஆரம் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களாக வளர்கிறது. கோள்களும் அப்படி அமைந்திருந்தால்? செய்து பார்ப்போம். பூமியின் சராசரித் தூரத்தை 1 என்று வைத்தால் புதன் 0.387இல் இருக்கிறது. புதனுக்கு 3 என்ற எண்ணைக் கொடுத்து 9ஆல் வகுத்தால் 0.043. அதையே அடிப்படை அலகாகக் கொண்டால் 4-க்கு 0.69, வெள்ளி இருப்பது 0.72. 5-க்கு 1.075, பூமி இருப்பது 1. 6-க்கு 1.55, செவ்வாய் இருப்பது 1.52. 11-க்கு 5.20, வியாழன் இருப்பது 5.20! 15-க்கு 9.7, சனி இருப்பது சுமார் 9.6.

பார்த்தவுடன் நம்பத் தோன்றும். ஆனால், அதே பேனாவால் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள். பூமிக்கே 7.5 சதவீதம் பிசகுகிறது, அதை ஏற்றுக்கொண்டோம். 15-இன் வர்க்கம் 225, அடுத்த 16-இன் வர்க்கம் 256. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோள் எங்கே இருந்தாலும், ஏதாவது ஒன்றிலிருந்து அது விலகும் அளவு 7.5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். எண் பெரிதாகப் பெரிதாக வர்க்கங்கள் இன்னும் நெருங்குகின்றன. எனவே சனிக்கும் அதற்கு அப்பாலும் எந்த இடத்தில் கோளை வைத்தாலும் கணக்கு "பொருந்தும்". எங்கே வைத்தாலும் பொருந்துகிற கணக்கு எதையும் சொல்லவில்லை. 1, 2 என்ற எண்களுக்குரிய இடங்களில் கோளே இல்லை என்பது வேறு. மேலும், போரின் நிபந்தனை கோண உந்தத்தின் மீது. கோள்களிலோ ஒவ்வொன்றின் நிறையாலும் வகுத்த பிறகுதான் இந்த வரிசை வருகிறது. பூமியைப் போல 318 மடங்கு கனமான வியாழனுக்கும் பூமிக்கும் பொதுவான ஓர் அலகு அங்கே கிடையாது.

வானியலில் இந்த ஏமாற்றம் புதிதும் இல்லை. டிட்டியஸும் போடேயும் 18ஆம் நூற்றாண்டில் ஒரு எண் வரிசையைச் சொன்னார்கள். 1781இல் கண்டுபிடித்த யுரேனஸ் அதில் உட்கார்ந்தது, 1801இல் கண்டுபிடித்த சீரிஸும் உட்கார்ந்தது. 1846இல் வந்த நெப்டியூன், வரிசை காட்டிய 38.8-ஐ விட்டு 30.1இல் நின்றது.

ஹைட்ரஜன் அணு இங்கேயும் ஆந்திரோமேடா மண்டலத்திலும் ஒரே அளவு. கோள் குடும்பங்கள் அப்படி இல்லை, ஒவ்வொன்றும் தன் வரலாற்றால் ஆனது. அவற்றில் முழு எண்கள் தென்பட்டால் பெரும்பாலும் காரணம் ஒத்ததிர்வு. ஊஞ்சலை ஒவ்வொரு முறையும் ஒரே தருணத்தில் தள்ளினால் ஆட்டம் கூடுவது போல, கோள்கள் ஒன்றையொன்று தாளம் தவறாமல் இழுக்கின்றன. வியாழனின் நிலவுகளில் அயோ நான்கு சுற்று முடிக்கும் நேரத்தில் யூரோப்பா இரண்டும் கானிமீடு ஒன்றும் முடிக்கின்றன. நியூட்டனின் விதிகளே போதும், பிளாங்க் மாறிலிக்கு அங்கே வேலையே இல்லை.

குட்டிச் சூரியக் குடும்பம் என்ற படம் அணுவுக்குள்ளேயும் உடைந்துவிட்டது. போரின் கணக்குப்படி ஹைட்ரஜனின் தாழ்ந்த நிலையில் எலக்ட்ரானுக்கு ஓர் அலகு கோண உந்தம் இருக்க வேண்டும். ஷ்ரோடிங்கரின் 1926ஆம் ஆண்டுச் சமன்பாடு சொல்வதும், அதன்பின் வந்த சோதனைகள் காட்டுவதும் பூச்சியம். பிளஸ் ஒன் மாணவர்கள் 1எஸ் என்று எழுதுகிறார்களே, அந்த "எஸ்" என்ற எழுத்துக்குப் பொருளே அதுதான்: சுற்றும் உந்தம் துளியும் இல்லை. "பி" என்றால் கோண உந்தக் குவாண்டம் எண் 1, "டி" என்றால் 2, "எஃப்" என்றால் 3. மாணவனாக இருந்தபோது இவற்றை அறை எண்கள் போல மனப்பாடம் செய்தேன். இவை கோண உந்தத்தின் பெயர்கள் என்று ஒருவர் ஒரு வரியில் சொல்லியிருந்தால் பாதிப் பாடம் அன்றே விளங்கியிருக்கும்.

கோண உந்தமே இல்லாத பூமி நேராகச் சூரியனில் விழுந்துவிடும். எலக்ட்ரான் ஏன் விழவில்லை? அது அலை. அலையைச் சிறிய இடத்துக்குள் நெருக்கினால் அதன் இயக்க ஆற்றல் எகிறுகிறது. கரு இழுக்கிறது, நெருக்கம் எதிர்த்து விரிக்கிறது. இரண்டும் சமன்படும் இடத்தின் அளவுதான் 0.529 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு). அங்கே பாதை இல்லை. எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு எங்கே அதிகம், எங்கே குறைவு என்று சொல்லும் ஒரு பரவல் மட்டும் இருக்கிறது. அதற்குத்தான் ஆர்பிட்டால் என்று பெயர்.

எஸ் பரவல் கருவின் மேலேயே படிந்திருக்கிறது. இதை வெறும் கணக்கு என்று எண்ண வேண்டாம். நம் உடலிலும் வாழைப்பழத்திலும் சிறிதளவு இருக்கும் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணுக்களில், சிதைபவற்றில் நூற்றுக்குச் சுமார் பதினொன்று, கருவைத் தொட்டுக்கொண்டிருக்கும் எலக்ட்ரானை அந்தக் கருவே விழுங்குவதால் ஆர்கானாக மாறுகின்றன. பாறைகளின் வயதை அளக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எந்தக் கோளும் சூரியனுக்குள் புகுந்து எழுவதில்லை.

இப்போது, உண்மையான தொடர்பு இருக்கும் இடத்துக்கு வருவோம்.

சூரியனின் ஈர்ப்பும் கருவின் மின்கவர்ச்சியும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகின்றன. இந்த விசைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இதில் ஓடும் நீள்வட்டம் ஒவ்வொரு சுற்றிலும் தொடங்கிய புள்ளிக்கே வந்து மூடுகிறது, நீள்வட்டம் நீண்டிருக்கும் திசை திரும்புவதே இல்லை. கோண உந்தம் எந்த மையவிசையிலும் மாறாது. நீள்வட்டத்தின் திசையும் மாறாமல் நிற்பது இந்த விசைக்கு மட்டும் கிடைத்த உபரி வரம். (வில்சுருள் போல இழுக்கும் விசையிலும் பாதை மூடும், ஆனால் அங்கே மையம் நீள்வட்டத்தின் நட்ட நடுவில் இருக்கும்.) பாதை எப்போதும் மூடும் மையவிசைகள் இவ்விரண்டுதான் என்று பெர்ட்ராண்ட் 1873இல் நிறுவினார்.

1926 ஜனவரியில், ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடு அச்சேறும் முன்பே, 25 வயது வோல்ஃப்காங் பவுலி ஹைட்ரஜன் அணுவை முழுமையாகத் தீர்த்துவிட்டார். அவர் எடுத்த கருவி, கோள்களுக்காக வானியலாளர்கள் செய்துவைத்திருந்த அதே மாறாத் திசை. அதைக் குவாண்டம் மொழிக்கு மாற்றினார், ஹைட்ரஜனின் ஆற்றல் நிலைகள் வந்து விழுந்தன. நீள்வட்டம் மூடுகிறது என்பதற்கு ஹைட்ரஜனில் இணையான செய்தி இது: 3எஸ், 3பி, 3டி (முன்னால் நிற்கும் 3, மூன்றாம் ஆற்றல் நிலையைக் குறிக்கும்) மூன்றுக்கும் ஒரே ஆற்றல். கோண உந்தம் வெவ்வேறு, ஆற்றல் ஒன்றே. படத்தில் இல்லாத ஒற்றுமை சமச்சீரில் இருக்கிறது.

அப்படியானால் அந்த வர்க்க விதி கொஞ்சம் பிசகினால்? கோள் உலகில் நீள்வட்டம் மூடாது, மெல்லத் திரும்பும். புதனின் பாதை மற்றக் கோள்களின் இழுப்பால் திரும்புகிறது. அது போக நூறாண்டுக்கு 43 விநாடிக் கோணம் மிச்சம் (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு விநாடிக் கோணம்). ஐன்ஸ்டைன் 1915இல் அதற்குக் கணக்குச் சொன்னார். அடுத்த ஆண்டே சோமர்ஃபெல்டு, சார்பியலால் அணுவுக்குள்ளும் நீள்வட்டம் திரும்பும் என்று கொண்டு ஹைட்ரஜன் நிறமாலையில், அதாவது அதன் ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறக் கோடுகளில், உள்ள நுண்பிளவை விளக்கினார்.

அணு உலகில் அதே பிசகு ஆற்றல்களைப் பிரிக்கிறது. சோடியத்துக்கு 11 எலக்ட்ரான்கள். உள்ளே 10, வெளியே ஒன்று. தொலைவிலிருந்து பார்த்தால் கருவின் 11 நேர்மின்னில் 10-ஐ உள் எலக்ட்ரான்கள் மறைத்துவிடும், ஒன்றுதான் தெரியும். உள்ளே புகுந்தால் மறைப்பு விலகும், இழுப்பு பன்மடங்காகும். வர்க்க விதி இங்கே செல்லாது. யார் உள்ளே புக முடியும்? கோண உந்தம் குறைந்தவர்கள். வால்நட்சத்திரங்களில் அதே அளவு பாதையில் கோண உந்தம் குறைந்தது சூரியனை உரசிப் போகும், கூடியது எட்டவே நிற்கும். அதே நியாயம்.

எண்களைப் பாருங்கள். ஹைட்ரஜனில் மூன்றாம் நிலை எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 1.51 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) வேண்டும், அது எஸ், பி, டி எதுவானாலும். சோடியத்தில் 3டி-க்கு 1.52. கோண உந்தம் கூடிய டி கருவை அண்டுவதே இல்லை, அதற்குச் சோடியமும் ஹைட்ரஜனும் ஒன்றாகத் தெரிகின்றன. 3பி கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்க்கிறது, 3.04. 3எஸ் கருவரை போய்வருகிறது, 5.14. இந்த மூன்று எண்களைவிடத் தெளிவாகக் கோண உந்தத்தின் வேலையைக் காட்டும் இன்னொன்று எனக்குத் தெரியாது.

3பி-இலிருந்து 3எஸ்-க்கு இறங்கும் எலக்ட்ரான் விடும் ஆற்றல், 5.14-இல் 3.04 போக 2.10 எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றலுள்ள ஒளியின் நிறம் மஞ்சள். அடுப்பில் நாம் பார்த்தது அதைத்தான்.

தனிம வரிசை அட்டவணையின் உருவமும் இதிலிருந்தே எழுகிறது. 2எஸ் நிரம்பிய பிறகே 2பி நிரம்புவதும், பொட்டாசியத்தில் 3டி காலியாக இருக்க 4எஸ்-இல் எலக்ட்ரான் போய் அமர்வதும் கோண உந்தம் குறைந்தவை உள்ளே புகும் உரிமையால்தான்.

மூலக்கூறுகளுக்குப் போனால் இன்னொரு நுட்பம். கோண உந்தம் மாறாமல் இருப்பதற்குக் காரணம், மையத்தைச் சுற்றி எல்லாத் திசைகளும் ஒன்றுபோல் இருப்பது. சமச்சீர் இருக்கும் இடத்தில் மாறாத ஓர் அளவு இருக்கும் என்று எம்மி நோதர் 1918இல் பொதுவாகவே நிறுவினார். இரண்டு அணுக்கள் சேர்ந்துவிட்டால் எல்லாத் திசையும் ஒன்றில்லை, அவற்றை இணைக்கும் அச்சைச் சுற்றிய சமச்சீர் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே அந்த அச்சின் மீதான கோண உந்தம் மட்டும் மாறாமல் நிற்கும். அது பூச்சியமானால் சிக்மா, ஒன்றானால் பை, இரண்டானால் டெல்டா. எஸ், பி, டி எழுத்துகளின் கிரேக்க உடன்பிறப்புகள். வேதியியல் வகுப்பில் நாம் கோடு போட்டு வரையும் சிக்மா பிணைப்பும் பை பிணைப்பும் கோண உந்தக் கணக்கில் எழுதிய பெயர்கள்.

ஒளியும் இந்தக் கணக்கில் பங்கு கேட்கிறது. ஓர் ஒளித்துகள் புறப்படும்போது ஓர் அலகு தற்சுழற்சிக் கோண உந்தத்தை எடுத்துச் செல்கிறது. 1931இல் சி. வி. ராமனும் பகவந்தமும் ஒளிச்சிதறல் சோதனைகளிலிருந்து இதற்குச் சான்று தந்தார்கள். ராமன் என்றால் ராமன் விளைவு மட்டுமே நினைவுக்கு வருகிறது, இதுவும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. ஒளித்துகள் ஓர் அலகை எடுத்துப்போவதால்தான் பி-இலிருந்து எஸ்-க்கு இறங்குவது எளிது. எஸ்-இலிருந்து இன்னொரு எஸ்-க்கு ஒற்றை ஒளித்துகளோடு அப்படி இறங்க முடியாது, கொடுக்கக் கையில் கோண உந்தம் இல்லை.

அந்த அடுப்பு மஞ்சளை நல்ல நிறமாலைமானி வழியே பார்த்தால் ஒரு கோடு இரண்டாகத் தெரியும்: 589.0, 589.6 நானோமீட்டர். எலக்ட்ரானுக்குத் தனக்கென்று அரை அலகு தற்சுழற்சி உண்டு. பம்பரம் போல அது உண்மையில் சுழல்வதில்லை, ஆனாலும் அந்த அரை அலகு அதன் கூடவே பிறந்தது. 3பி-யின் ஓர் அலகோடு அது சேர்ந்தால் ஒன்றரை, எதிர்த்து நின்றால் அரை. ஒன்றரையின் ஆற்றல் ஒரு மயிரிழை கூடுதல், அதிலிருந்து இறங்கும் ஒளி 589.0. அரையிலிருந்து இறங்குவது 589.6.